சுவரை ஏன் தர மறுத்தேன்

சுபா,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாய். உனக்கென்று அம்மா வைத்த வத்தக்குழம்பை மறுநாள் இரண்டு வேளையும் நான்தான் சாப்பிட்டேன். சண்டை போட்டது இரண்டு பேர், தண்டனை ஒருவனுக்கு. நாலு சந்து தள்ளிக் குடியிருக்கும் மகளுக்கு யாராவது உட்கார்ந்து கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ பெங்காலிக்குத் தாவிவிடுகிறாய், நாலாவது வாக்கியத்தில் நான் கத்த ஆரம்பித்துவிடுகிறேன், அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மேலும் நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். இந்த ஒரு கடிதத்துக்கு அது நல்லதுதான். வேகமாகப் புரட்டிவிட்டு நடுவில் எழுந்து போக முடியாது.

நீ கேட்டது ஒரே கேள்வி. உன் கட்சி உன்னை நம் வார்டுக்கு வேட்பாளராக நிறுத்தியிருக்கிறது. நியூ டவுனில் நல்ல வேலையில் இருப்பவள், கடனே என்று இல்லாமல் மனதார இதில் இறங்கியிருக்கிறாய். உன் பெயரை எழுத நம் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கேட்டாய். முப்பது அடிச் சுவர், அதுவும் சந்தின் முனையில். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் உள்ளே நுழையவே முடியாது. தேர்தல் வாடை அடித்த உடனே கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பி, சுவருக்குச் சுவர் ஓரத்தில் தங்கள் பெயரைப் போட்டு இடம்பிடித்துவைக்கும் ஊர் இது. வீட்டுக்காரன் சரி என்று ஒரு தலையசைப்பு தந்தால் போதும். அந்தத் தலையசைப்பை நம் வார்டுக் கவுன்சிலர் பல்டுவுக்கு நான் மூன்று தேர்தலில் தந்தேன். உனக்குத் தரமாட்டேன் என்றேன். “அந்தத் திருடனுக்கு மூணு தடவ குடுத்தீங்க, சொந்தப் பொண்ணுக்குக் கெடையாதா? சீ, நீங்களும் அவங்க ஆளுதான்ப்பா!” என்று கத்திவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாய். நீ சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கட்சிகளின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. பெயரைப் பார்த்ததும் நாம் எல்லோரும் முதலில் பக்கம் பிரிந்துகொள்கிறோம், பிறகுதான் படிக்கிறோம். உன் சிறுவயதில் வார்டு கவுன்சிலராக இருந்த மாஸ்டர்மோஷாயின் கட்சியை முன்னவர்கள் என்கிறேன். அவர்களைத் தோற்கடித்து வந்த பல்டுவின் கட்சி பின்னவர்கள். நீ புதிதாகச் சேர்ந்திருப்பது மூன்றாவது. எது எது என்று உனக்குத் தெரியும். வேறு யாராவது படித்தால் அவர்கள் ஊரின் கட்சிகளைப் போட்டுக்கொள்ளட்டும், கணக்கு ஒன்றும் பெரிதாக மாறாது.

இந்தக் கட்சிகளை ஒப்பிடுவதுதான் எனக்கு வாழ்நாள் பொழுதுபோக்கு என்பது உனக்குத் தெரியும். ஹவுராவில் கொள்முதல் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு எதைப் பார்த்தாலும் டெண்டராகத்தான் தெரியும். வந்த உறைகளை வரிசையாகப் பிரித்து, கட்டம் போட்டு, யார் எதில் மேல் எதில் கீழ் என்று ஒப்பீட்டுத் தாள் எழுதுவது என் வேலை. அதையே வீட்டிலும் செய்தேன். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு பத்தி கிழிப்பேன். ஒன்று நாணயம், மற்றொன்று வேலைத்திறமை. மாஸ்டர்மோஷாய்க்கு முதல் பத்தியில் பத்துக்கு ஒன்பது, இரண்டாவதில் இரண்டு. பல்டுவுக்கு அப்படியே தலைகீழ். நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போது, “அப்போ ரெண்டு பேரும் பதினொண்ணு, டிரா!” என்று சொல்லிவிட்டுத் தயிர்ச்சாதத்தை முடித்துக்கொண்டு ஓடினாய். அன்றைக்கு நான் சிரித்தேன். அந்தக் கூட்டல் தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாஸ்டர்மோஷாயை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், கவுன்சிலரான பிறகும் அதே சைக்கிள், அதே ஜோல்னா பை. யார் வீட்டுக்குப் போனாலும் பால் இல்லாத டீ மட்டும் குடிப்பார், இனிப்பைத் தொடமாட்டார். அவர் காசு வாங்கினார் என்று அவருடைய எதிரிகூடச் சொன்னதில்லை. ஆனால் அவருடைய காலம் முழுக்க நம் சந்தில் வருடத்துக்கு நாலு தடவை முழங்கால் தண்ணீர். சாக்கடை மதிப்பீட்டுத் தாள் அவரிடம் வரும், ஏதாவது ஒரு எண் இடிக்கும், திருப்பி அனுப்புவார். மறுபடி வரும், மறுபடி திருப்புவார். பின்னால் ஒப்பந்தக்காரன் ஏமாற்றிவிட்டால் தன் கையெழுத்தல்லவா அதில் இருக்கும் என்ற பயம். நாங்கள் அவருடைய நேர்மை என்று கொண்டாடியதில் பாதி அந்தப் பயம்தான் என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அது மட்டுமில்லை. அவர் சுத்தமாக இருந்த அதே வருடங்களில், ஊர்வலத்துக்கு வந்த வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் முதலிலும் வராத வீடுகளுக்குக் கடைசியிலும் கிடைத்தது. அதைச் செய்தது அவருடைய கட்சிப் பையன்கள். அவருக்குத் தெரியாது என்று சொல்வார்கள். தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்பது என் எண்ணம்.

பல்டு அதற்கு நேரெதிர். மோட்டார் பைக், மூன்று மோதிரம், எல்லோரையும் சித்தப்பா, சித்தி என்பதுபோல ‘காக்கு, காக்கிமா’ என்று ஒரு கூப்பாடு. ஜெயித்து வந்த முதல் கோடையிலேயே சாக்கடையைத் தோண்டிப் பெரிய குழாய் போட்டு மூடினான். வேலை செய்த ஒப்பந்தக்காரன் அவன் மைத்துனன் என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும். மேலே போட்ட தார் அடுத்த துர்கா பூஜைக்குள் அப்பளமாகப் பெயர்ந்துவிட்டது. சந்து முனையில் மீன் விற்கிறவர்கள் உட்காருவதற்கே அவனுடைய ஆட்களுக்குக் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. எல்லாம் உண்மை. அந்தக் குழாயில் இன்றுவரை தண்ணீர் ஓடுகிறது, அதற்குப் பிறகு நம் வீட்டுக்குள் ஒருமுறைகூட வெள்ளம் வரவில்லை என்பதும் உண்மை. “அவன் தின்னாலும் செய்யறான்” என்று அம்மா சொல்வாள். “இவர் திங்கலன்னாலும் செய்யல” என்று நான் முடிப்பேன். இப்படிப் பேசிப் பேசியே நமக்குப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். நீ பத்தாம் வகுப்புக்குப் போகிற வருடம் மழை கொட்டித் தீர்த்தது. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி அதன்மேல் உட்கார்ந்து படித்தாய். வேதியியல் புத்தகம் ஊறி உப்பிப்போய், அதை இட்லித் தட்டில் வைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தோம். நீ அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. மாடியில் உனக்கென்று ஓர் அறை கட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்து, முறையாக வரைபடம் போட்டு மாநகராட்சியில் மனு கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்கு விடவேண்டிய இடைவெளி போதவில்லை என்று திரும்பி வந்தது. மாஸ்டர்மோஷாய் அந்தத் தாளோடு தானே வீட்டுக்கு வந்தார். அவர் பெங்காலியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “உங்க மாடி ரூம் எழும்பினா பக்கத்து வீட்டு ரேணுவோட தெற்கு ஜன்னல் அடைஞ்சு போயிரும். சட்டத்துலயும் அதுக்கு எடமில்ல, மனுஷத்தன்மையிலயும் எடமில்ல.” நான் விடவில்லை. “சந்துல தண்ணி நிக்கறதுக்குச் சட்டத்துல எடமிருக்கா, மோஷாய்?” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். வாத்தியாரையே மடக்கிவிட்டேன் என்று எனக்கு அன்று அப்படி ஒரு சந்தோஷம்.

தெற்கு ஜன்னல் என்றால் இந்த ஊரில் என்ன மதிப்பு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீடு விற்பவன் முதலில் சொல்கிற வார்த்தையே தெற்கு திறந்த வீடு என்பதுதான். சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் சாயங்காலம் அந்தப் பக்கமிருந்துதான் காற்று வரும். ரேணு மாஷிக்கு அது வெறும் காற்று வரும் வழியில்லை. புருஷன் போன பிறகு ரவிக்கை தைத்துத்தான் அவர் பிழைத்தார், தையல் மெஷின் அந்த ஜன்னலடியில்தான் இருந்தது. உன் பள்ளிக்கூட பிராக்கும், சரஸ்வதி பூஜைக்கு நீ முதன்முதலாகக் கட்டிய மஞ்சள் சேலைக்கான ரவிக்கையும் அங்கே தைத்தவைதான். இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு பல்டு இரண்டு ஆட்களோடு வந்தான். அதுவரை நம் சுவர் வெள்ளையாகத்தான் இருந்தது. பிழைக்க வந்த ஊரில் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது உன் தாத்தா போட்ட சட்டம். வீட்டில் இருக்கும் ஓட்டுகளைக்கூடப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போடுவோம். யார் வந்து கேட்டாலும் “எங்க வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான்” என்று பொய் இல்லாமல் சொல்லலாம் அல்லவா, அந்தச் சாமர்த்தியம். கல்கத்தாத் தமிழர்கள் பலரும் இப்படித்தான் காலத்தை ஓட்டியிருக்கிறோம், இதைக் கெட்டிக்காரத்தனம் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பல்டு வாசலில் நின்றபடியே சொன்னான். “காக்கு, மாடில ரூம் கட்டணுமாமே? சுபா படிக்கணும்ல? கட்டுங்க. எவன் வந்து கேக்கறான்னு பாக்கலாம்.” பிறகு சுவரைப் பார்த்தான். “இது சும்மாதானே இருக்கு?” என்றான். எழுதிக்கொள் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஒரு பைசா கைமாறவில்லை.

அதுதான் என்னை ஏமாற்றிய இடம். நான் யார் என்று உனக்குத் தெரியும். உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஓர் ஒப்பந்தக்காரன் வெல்லச் சந்தேஷ் ஒரு பெட்டி கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் நீ ஒன்றைக் கடித்துவிட்டாய். உன்னை அழவிட்டு, கடைக்குப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கிவந்து, பெட்டியை நிரப்பி, மறுநாள் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கதையை எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருப்பேன்! லஞ்சம் என்றால் பணம், பெட்டி, கவர் என்றே பழகிய மூக்கு. சுண்ணாம்புச் சுவரில் அது எப்படி மணக்கும்? சட்டப்படி மனு போட்டுக் கிடைக்காத அறை, ஒரு தலையசைப்பில் மூன்று மாதத்தில் எழும்பி நின்றது. நான் தினமும் படகில் ஹவுராவுக்குப் போய், மற்றவர்களின் டெண்டரில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அறை கட்டி முடிந்து, பூஜையும் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் பல்டு என்னை நம் பேட்டையின் பாடா கிளப்புக்கு வரச்சொன்னான். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ரேணு மாஷி கைப்பட எழுதிக் கொடுத்த மனு. “இத நீங்களே வெச்சுக்கோங்க காக்கு. கேட்டா காணாமப் போச்சுன்னு சொல்லிக்கறேன்” என்றான். நான் அங்கேயே படித்தேன். ஜன்னல் அடைபட்டதால் பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுத் தைக்க வேண்டியிருக்கிறது, கண் வலிக்கிறது, தயவுசெய்து வந்து பார்க்கவும் என்று எழுதியிருந்தார். என்னைப் பற்றி ஒரு கடுமையான சொல் இல்லை. பக்கத்து வீட்டு தாதா, அதாவது அண்ணன், நல்லவர், அவருக்குத் தெரியாமல் கொத்தனார் தவறு செய்திருக்கலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்தக் காகிதத்தை நான் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், சுபா. பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ரேணு மாஷி அதற்குப் பிறகு மூன்று முறை கிளப்புக்குப் போய்த் தன் மனு என்னவாயிற்று என்று கேட்டுவிட்டு வந்ததை நான் நம் வாசலில் நின்று பார்த்தேன்.

நீ அந்த அறையில் படித்தாய். நன்றாகப் படித்தாய். உன் ரிசல்ட் வந்த அன்று ரேணு மாஷிதான் முதலில் வந்து உன்னைக் கட்டிக்கொண்டார். நான் உள்ளே போய்ச் சமையலறையில் நின்றுகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இன்றுகூட, அந்த அறையைக் கட்டியதற்காக முழு மனதோடு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால் என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டதற்காக வருத்தப்படுகிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் சந்து முனையில் நீ பேசினாய். நான் மிட்டாய்க் கடைக்குப் பின்னால் நின்று கேட்டேன். “முன்னாடி இருந்தவங்களுக்கு வேலை தெரியல, பின்னாடி வந்தவங்க திருடறாங்க, நாங்க ரெண்டும் இல்ல” என்று பெங்காலியில் முழங்கினாய். கூட்டம் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, நம் பெண் இவ்வளவு பேசுவாளா என்று. வீட்டுக்கு வருவதற்குள் பல்டுவிடமிருந்து போன். “காக்கு, சுபா நிக்கறா, ரொம்ப சந்தோஷம். நம்ம வீட்டுப் பொண்ணு. ஆனா ஊழல் ஊழல்னு அடிக்கடி பேச வேணாம்னு சொல்லி வைங்க. மாடி ரூம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு” என்றான். குரலில் துளிக் கோபம் இல்லை. மறுநாள் உன் கட்சிக்காரர் சுவரைக் கேட்டு வந்தார். அவரும் இதமாகத்தான் பேசினார். “அங்கிள், மாடி ரூம் பத்தி அந்தப் பக்கம் ஏதோ சொல்றாங்களாம். கவலப்படாதீங்க, இனிமே நாங்க இருக்கோம்” என்றார். பதினைந்து வருடம் முன்பு பல்டு வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தை, ஆள்தான் வேறு. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். உன் பெயரை அந்தச் சுவரில் எழுதினால் அந்த அறைக்குப் பழைய காவல்காரன் போய்ப் புதிய காவல்காரி வந்தாள் என்று ஆகிவிடும். அதனால்தான் முடியாது என்றேன். காரணத்தை அன்றைக்கே உன்னிடம் சொல்லத் துணிச்சல் வரவில்லை, அதனால் கத்தினேன்.

புத்தி சொல்லாமல் அப்பன் கடிதம் எழுத முடியுமா? கொஞ்சம் பொறுத்துக்கொள். நாணயமாக இருப்பேன் என்று மேடையில் சொல்வது, சமையல்காரன் நான் குளித்துவிட்டுத்தான் சமைப்பேன் என்று சொல்வதுபோல. அவசியம்தான். ஆனால் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்றும் சாப்பிடுகிறவன் கேட்பான். நாங்கள் அலுவலகத்தில் வேலை தெரிகிறதா என்று காட்டும் உறையை முதலில் பிரிப்போம். அதில் தேறாதவன் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் அவனுடைய விலை உறையைத் தொடவே மாட்டோம். ஆட்சிக்கு மட்டும் நாம் இரண்டையும் கூட்டிப்போட்டு, இவனிடம் இது இருக்கிறது அது இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மதிப்பீட்டுத் தாளைப் படிக்கக் கற்றுக்கொள், நான் சொல்லித் தருகிறேன். கையெழுத்துப் போடப் பயந்துகொண்டு அதற்கு நேர்மை என்று பெயர் வைக்காதே. இன்னொன்று. உன்னிடம் தப்பான காரியத்துக்கு வருகிறவன் திருடன் முகத்தோடு வரமாட்டான். என்னை மாதிரி வருவான். பென்ஷன் வாங்குகிற, சந்தேஷ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற, மகள் படிப்புக்காகத்தான் என்று சொல்கிற ஒரு மரியாதையான ஆள். என் ஒப்பீட்டுத் தாளில் இந்த ஆளுக்கு நான் பத்தியே போடவில்லை.

நீ கோபித்துக்கொண்டு போன அன்று அம்மாவிடம் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். இத்தனை வருடத்தில் அவளுக்கும் அது தெரியாது. படித்துவிட்டு அதைத் திரும்ப நாலாக மடித்தாள். பிறகு, “என்னங்க, அந்த ரூம் எழும்பின நாள்லேர்ந்து ரேணு மூஞ்சியப் பாக்க முடியாம நான் ரவிக்கை தைக்க அடுத்த தெருவுக்குப் போறேன். ஏன்னு என்னிக்காவது ஒருநாள் கேட்டீங்களா?” என்றாள். நான் கேட்டதில்லை.

இன்று காலை பத்து மணிக்கு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ரேணு மாஷி வீட்டுக்குப் போனேன். உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கண் முன்போல் இல்லை, ஆனால் மடிப்பைப் பார்த்ததுமே அது என்னவென்று தெரிந்துகொண்டார். “உங்ககிட்டதான் இருக்கும்னு தெரியும், தாதா. நம்ம பாடாவுல எந்தக் காகிதம் தானா தொலஞ்சிருக்கு?” என்றார். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே காட்டவில்லை. “நானும் மூணு தடவையும் பல்டுவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், தெரியுமா? ஜன்னல் போச்சு, ஆனா தரை காஞ்சுது. மாஸ்டர்மோஷாய் இருந்தப்போ ஜன்னல் இருந்துது, தண்ணில நின்னுக்கிட்டுத் தெச்சேன். எதப் பாத்து ஓட்டுப் போடறது, நீங்களே சொல்லுங்க” என்றார். முப்பது வருடம் ஒப்பீட்டுத் தாள் எழுதியவனிடம் அவர் கேட்ட கேள்வி அது.

அறையை நானே இடித்துவிடுகிறேன், கொத்தனாரிடம் பேசிவிட்டேன் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. “இப்ப இடிக்காதீங்க. ஓட்டுக்கு முன்னாடி இடிச்சா அது உங்க பொண்ணுக்கு வெள்ளையடிக்கற வேல. எனக்கு நீங்க எரக்கப்பட்டு ஒண்ணும் செய்ய வேணாம். நான் மனு குடுத்தேன். ஒரு மனு குடுத்து அது நடந்துதுன்னு என் ஆயுசுல ஒரு தடவ நான் பாக்கணும்.” பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, பழைய தேதியை அடித்து, காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு புதுத் தேதி போட்டார். “சுபா வெள்ளிக்கிழம ஓட்டுக் கேக்க வர்றாளாம். அவகிட்டயே குடுத்துடறேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை அந்த வாசலுக்குப் போகும்போது உன்னைச் சுற்றி உன் கட்சிக்காரர்கள் இருப்பார்கள், யாராவது போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பல்டுவின் ஆட்களும் எங்காவது நிற்பார்கள். இதனால் நீ தோற்றும் போகலாம், அதைப் பற்றி நான் உனக்கு எந்த உறுதியும் தர முடியாது. ரேணு மாஷி காகிதத்தை நீட்டியதும் உன் ஆள் ஒருவர் முன்னால் வந்து, குடுங்க மாஷிமா நாங்க பாத்துக்கறோம் என்று கை நீட்டுவார். விடாதே. நீயே வாங்கிக்கொள். அங்கேயே நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படி. என் பெயர் இரண்டாவது வரியில் வருகிறது.

அப்பா